மெஷின் வந்துச்சுன்னு நர்ஸைக் குறைக்காதீங்க

போன மாசம் ஒரு கம்பெனி ரெப் எங்க வார்டுல டெமோ காட்ட வந்தாரு. பேஷண்ட் நெஞ்சுல சின்னதா ஒரு பேட்ச் ஒட்டிட்டா போதும், ஒயர் எதுவும் வேணாம், பல்ஸு, மூச்சு எண்ணிக்கை, டெம்பரேச்சர் எல்லாம் நர்சிங் ஸ்டேஷன்ல இருக்கற ஸ்கிரீனுக்கு தானா வந்துடும், ஏதாவது மாறுச்சுன்னா செவப்பு கலர்ல காட்டும், போனுக்கும் மெசேஜ் வரும்னு ரொம்ப பொறுமையா காட்டினாரு. நல்ல சாமான் தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா கடைசியா மேனேஜ்மெண்ட் ஆளுங்க பக்கம் திரும்பி "ஒரு ஷிஃப்ட்டுக்கு ரெண்டு ஸ்டாஃப் மிச்சம் பண்ணலாம் சார்"னு சொன்னாரு, அந்த ஒரு வரி தான் என்னை இவ்ளோ நீளமா எழுத வெக்குது.

நான் வேலூர்ல ஒரு தனியார் ஹாஸ்பிடல்ல ஸ்டாஃப் நர்ஸ். மெடிக்கல் வார்டு, அப்புறம் ஐசியூ, இப்போ மறுபடியும் வார்டு. எங்க ஊரைப் பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல, காட்பாடில எந்த ட்ரெயின் வந்து நின்னாலும் கையில ஃபைலும் ஸ்கேன் கவருமா நாலு குடும்பமாவது இறங்கும், சிஎம்சி ஹாஸ்பிடலைச் சுத்தி இருக்கற லாட்ஜு போர்டெல்லாம் பெங்காலில எழுதியிருக்கும். ஐடா ஸ்கடர்ங்கற டாக்டர் அம்மா 1900ல ஒத்தை பெட்டோட அந்த சிஎம்சியை ஆரம்பிச்சு, 1909ல நர்ஸிங் ஸ்கூல் வந்து, 1946ல நர்ஸிங்குக்கு டிகிரி வந்தப்ப நாட்டுலயே முதல் வரிசையில நின்ன ஊரு இது. புது டெக்னாலஜியும் இந்த ஊருக்கு அந்நியம் இல்ல, சிஎம்சில 1959லயே ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன், 1971ல கிட்னி மாத்து ஆபரேஷன்னு நடந்திருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்க பக்கத்துல ராத்திரி பூரா உக்காந்து பாத்துக்க பழகின கைங்க இருந்ததால தான் அதெல்லாம் நடந்துச்சுன்னு நான் நம்பறேன்.

மெஷின் வேணாம்னு சொல்ற ஆளு இல்ல நான். நாங்க படிக்கறப்ப ட்ரிப்ஸ் ஓட்டறதுன்னா வாட்சைப் பாத்து சொட்டு எண்றது தான். 500 எம்எல் பாட்டிலை நாலு மணி நேரத்துல விடணும்னா மணிக்கு 125 எம்எல், சாதாரண ஐவி செட்டுல 20 சொட்டு ஒரு எம்எல், ஆக நிமிஷத்துக்கு 42 சொட்டு வரணும். கணக்கு சுலபம், ஆனா பேஷண்ட் கையை மடக்கினா சொட்டு நின்னுடும், பாத்ரூம் போக எழுந்து ஸ்டாண்டைத் தள்ளிட்டு போனா வேகம் மாறிடும், கூட இருக்கறவங்க "சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்கு போலாம்"னு அவங்களே ரோலரைத் திருப்பி விட்டுட்டு டீ குடிக்க போயிடுவாங்க. ஹார்ட் வீக்கா இருக்கற ஒரு தாத்தாவுக்கு அந்த பாட்டில் அரை மணி நேரத்துல உள்ள போச்சுன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு உசிருக்கே ஆபத்தாயிடும். மருந்தை ஒரே சீரான வேகத்துல தானா ஏத்தற இன்ஃப்யூஷன் பம்ப் வந்தப்புறம் இந்த பயம் பெரிய அளவுல போச்சு. குழந்தைங்க வார்டுலயும் லேபர் ரூம்லயும் வேலை பாத்தவங்களைக் கேட்டுப் பாருங்க, பம்ப் இல்லாத காலத்தை நெனச்சா இன்னைக்கும் அவங்களுக்கு நெஞ்சு பதறும்.

ஆனா பம்ப்பையும் ஒருத்தர் பாக்கணும், அதை கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா வெளிய இருக்கறவங்களுக்கு இது தெரியாது. ஐசியூல நார்அட்ரினலின் ஓடிட்டு இருக்கற ஒரு பேஷண்ட், அவரு பிபி அந்த மருந்தால தான் நிக்குது, மருந்தை நிறுத்தினா ரெண்டு மூணு நிமிஷத்துலயே அதோட வேகம் பாதியா குறைஞ்சிடும். இந்த மாதிரி மருந்தை சிரிஞ்சுல நிரப்பி, அதோட தண்டை மெதுவா தள்ளற பம்ப்புல தான் ஓட்டுவோம். சிரிஞ்ச் காலியாகப் போகுதுன்னு பம்ப் கத்துது. புது சிரிஞ்சை மாட்டி ஸ்டார்ட் அழுத்தினா ஸ்கிரீன்ல மணிக்கு 3 எம்எல் ஓடுதுன்னு தான் காட்டும், ஆனா சிரிஞ்ச் தண்டுக்கும் அதைத் தள்ளற பம்ப் கைக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி இருந்தா அது சேர்ற வரைக்கும் ஒரு துளி மருந்து பேஷண்ட் உடம்புக்கு போகாது. மணிக்கு 3 எம்எல்னா நிமிஷத்துக்கு 0.05 எம்எல், அந்த வேகத்துல அந்த நூல் இடைவெளி அடைய பல நிமிஷம் ஆகும், அதுக்குள்ள பிபி சரிஞ்சு போயிடும், ஸ்கிரீன் மட்டும் பச்சையா எல்லாம் நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டே இருக்கும். அனுபவம் இருக்கற சிஸ்டர் என்ன பண்ணுவாங்கன்னா, பழசு முடியறதுக்கு முன்னாடியே ரெண்டாவது பம்ப்புல புது சிரிஞ்சை மாட்டி, மருந்தை வேகமா தள்ளற பர்ஜ் பட்டனை அழுத்தி, லைன் முனையில மருந்து சொட்டறதைக் கண்ணால பாத்து, அதை ஓட விட்டு பிபி மாறுதான்னு கவனிச்சு, அப்புறம் தான் பழசை மெதுவா குறைச்சு நிறுத்துவாங்க.

இன்னொண்ணு, பம்ப்புல எந்த கம்பெனி சிரிஞ்ச்னு செலக்ட் பண்ணணும். எல்லாமே 50 எம்எல் தானேன்னு தோணும், ஆனா ஒவ்வொரு கம்பெனிக்கும் சிரிஞ்சோட உள் அகலம் கொஞ்சம் மாறும், பம்ப்புக்கு தெரியறது தண்டை எவ்ளோ தூரம் தள்ளணும்ங்கறது மட்டும் தான், தப்பான கம்பெனியை அழுத்தியிருந்தா ஸ்கிரீன்ல ஒரு டோஸும் பேஷண்ட்டுக்கு வேற டோஸுமா போகும். ஸ்டோர்ல இந்த மாசம் விலை கம்மின்னு வேற கம்பெனி சிரிஞ்சை வாங்கியிருப்பாங்க, வார்டுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க. சிரிஞ்ச் தண்டை க்ளாம்ப்புல சரியா பூட்டாம, பம்ப்பும் பேஷண்டை விட உயரத்துல இருந்துச்சுன்னா மருந்து தானா வழிஞ்சு உள்ள போயிடற ஆபத்தும் இருக்கு. இதெல்லாம் பக்கத்துல நின்னு கையை வெச்சுப் பாத்தா மட்டும் தான் தெரியும்.

அடுத்து ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்ட விரல்ல மாட்ற அந்த சாச்சுரேஷன் க்ளிப். கொரோனாவுக்கு அப்புறம் இது இல்லாத வீடே இல்லன்னு ஆயிடுச்சு. டகுவோ அயோயாகின்னு ஒரு ஜப்பான் இன்ஜினியர் 1970கள்ல இதுக்கு அடிப்படையைக் கண்டுபிடிச்சாரு, 2020 ஏப்ரல்ல, உலகம் பூரா அந்த க்ளிப்பைத் தேடிட்டு இருந்த நேரத்துல தான் அவரு காலமானாரு. அவருக்கு நாங்க எல்லாம் கடன்பட்டவங்க. ஆனா அதே வருஷம் டிசம்பர்ல அமெரிக்காவுல இருந்து ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, மெஷின் 92ல இருந்து 96 வரைக்கும் காட்டறப்பவே ரத்தக்குழாய்ல இருந்து ரத்தம் எடுத்து ஏபிஜிங்கற லேப் டெஸ்ட்ல பாத்தா நிஜத்துல 88க்கும் கீழ இருந்தது வெள்ளைக்காரங்க கிட்ட 3.6 சதவீதம், கறுப்பினத்தவங்க கிட்ட 11.7 சதவீதம். தோல் கறுப்பா இருந்தா மெஷின் கூட்டிக் காட்டுதுன்னு அர்த்தம். அடுத்த வருஷம் மருந்துக்கும் மெஷினுக்கும் அனுமதி குடுக்கற அந்த நாட்டு எஃப்டிஏவே இதைப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க.

இதைப் படிச்சப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது நம்ம ஜனங்க தான். நம்ம ஊரு வெயில்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிலத்துல நிக்கறவங்க, சித்தாள் வேலைக்கு போறவங்க, ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனில வேலை செய்யறவங்க, இவங்க தோல் கலருக்கு அந்த மெஷினை யாரு சரி பாத்தாங்க? ஒரு தடவை நைட் டியூட்டில அணைக்கட்டுங்கற ஊரு பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு, க்ளிப்புல 94. "இன்னா பண்ணுதுப்பா"ன்னு கேட்டா "ஒண்ணியும் இல்ல சிஸ்டர், லைட்டா மூச்சு வாங்குது, அவ்ளோ தான்"ங்கறாரு, ஆனா அந்த ஒரு வரியைச் சொல்ல மூணு இடத்துல நிறுத்தறாரு, கழுத்துச் சதை உள்ள இழுக்குது, உதடு வெளுத்து காஞ்சு கிடக்கு. ஒரு நிமிஷம் முழுசா வாட்சைப் பாத்து மூச்சை எண்ணினா 34. டூட்டி டாக்டரை எழுப்பி ஏபிஜி எடுத்தோம், ஆக்சிஜன் அந்த க்ளிப் சொன்னதை விட நல்லாவே கம்மி. அன்னைக்கு எங்க வார்டுல நாங்க மூணு பேர் இருந்தோம், அதனால ஒருத்தர் அவரு பக்கத்துல ஒரு நிமிஷம் நிக்க முடிஞ்சது. ஒருத்தரே முப்பது பெட்டைப் பாத்திருந்தா 94ன்னு எழுதிட்டு அடுத்த பெட்டுக்கு போயிருப்பாங்க, அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது.

அலாரம் விஷயம் எல்லா ஐசியூ நர்ஸுக்கும் தெரிஞ்சது தான். பேஷண்ட் திரும்பிப் படுத்தா அலாரம், ஈசிஜி ஸ்டிக்கர் வியர்வையில கழண்டா அலாரம், பிபி கஃப் இருக்கற கையிலயே க்ளிப்பையும் மாட்டிட்டா கஃப் இறுக்கற ஒவ்வொரு தடவையும் அலாரம். அடிக்கற அலாரத்துல 72ல இருந்து 99 சதவீதம் வரைக்கும் பொய்யானதுன்னு வெளிநாட்டு ஆராய்ச்சிங்க சொல்லுது, எங்க அனுபவமும் கிட்டத்தட்ட அதே தான். கோயிலை ஒட்டி குடியிருக்கறவங்களுக்கு மணிச்சத்தம் காதுல விழாம போற கணக்கா நமக்கும் போயிடும், அது அலட்சியம் இல்ல, மனுஷ மூளை அப்படி. இதுக்கு வைத்தியம் பெரிசா ஒண்ணும் இல்ல, டியூட்டி எடுத்ததும் ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் ஏத்தா மாதிரி லிமிட்டை மாத்தி வெக்கணும், ஸ்டிக்கரை தினமும் தோலைத் துடைச்சுட்டு புதுசா ஒட்டணும், க்ளிப்பை இன்னொரு கைக்கு மாத்தணும். சின்ன வேலை தான், ஆனா பெட்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், அந்த அஞ்சு நிமிஷத்தை யாரு குடுக்கறாங்க?

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு டெக்னாலஜி பார்கோடு. பேஷண்ட் கையில கட்டியிருக்கற பட்டையை ஸ்கேன் பண்ணி, மருந்தையும் ஸ்கேன் பண்ணினா, இந்த மருந்து இவருக்கு தானா, இந்த நேரத்துக்கு தானான்னு கம்ப்யூட்டர் சொல்லும். இதை யோசிச்சது ஒரு நர்ஸ்ங்கறது எத்தனை பேருக்கு தெரியும்? சூ கின்னிக்னு ஒருத்தங்க, அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம் டொபீகால முன்னாள் ராணுவத்தினர் ஹாஸ்பிடல்ல வேலை பாத்தவங்க, வாடகைக் காரைத் திருப்பிக் குடுக்கற இடத்துல ஒரு பையன் கையில ஸ்கேனரை வெச்சு கோடைப் படிக்கறதைப் பாத்துட்டு, காருக்கு முடியறது பேஷண்ட்டுக்கு ஏன் முடியாதுன்னு போய் கேட்டாங்க. அப்புறம் 2010ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில, மருந்து குடுக்கறப்ப நடக்கற தப்பு, நேரம் தள்ளிப் போறதைக் கணக்குல எடுக்காம, 11.5 சதவீதத்துல இருந்து 6.8க்கு குறைஞ்சிருக்கு. ஒரே பேர்ல ரெண்டு முருகேசன், மூணு சரோஜா படுத்திருக்கற நம்ம வார்டுக்கு இது எவ்ளோ பெரிய பாதுகாப்புன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா அங்கயே வேற சில ஹாஸ்பிடல்ல போய்ப் பாத்தவங்க 2008ல எழுதினாங்க, நர்ஸுங்க பேஷண்ட் கைப்பட்டையோட நகலை எடுத்து ஸ்கேனர் மேலயும் கதவு நிலையிலயும் ஒட்டி வெச்சுக்கிட்டு அங்கயே ஸ்கேன் பண்ணிக்கறாங்கன்னு. படிச்சா கோவம் வரும், ஆனா காரணத்தையும் அவங்களே எழுதியிருக்காங்க, பட்டை நனைஞ்சு கோடு அழிஞ்சு போச்சு, ஸ்கேனர்ல சார்ஜ் இல்ல, நெட்வொர்க் வரல, அவசரத்துல மருந்து பாக்கெட்ல கோடே இல்ல. 2017 டிசம்பர்ல அமெரிக்காவுல நாஷ்வில்ல ஒரு ஹாஸ்பிடல்ல நடந்ததை எல்லா நர்ஸும் தெரிஞ்சு வெச்சுக்கணும். ஒரு நர்ஸ் மருந்து எடுக்கற ஆட்டோமேட்டிக் பீரோல முதல் ரெண்டு எழுத்தை டைப் பண்ணி, தேடின மருந்து வராம, தடையைத் தாண்டி எடுக்க விடற ஓவர்ரைடை அழுத்தி, மயக்கம் லேசா வர வெக்கற மருந்துக்கு பதிலா தசையை முடக்கற வெக்யூரோனியத்தை எடுத்துக் குடுத்துட்டாங்க, பேஷண்ட்டா இருந்த அம்மா இறந்து போனாங்க. எடுத்தவங்க பண்ணது பெரிய தப்பு தான், பாட்டில் மூடியிலயே எச்சரிக்கை எழுதியிருந்துச்சு. ஆனா அந்த ஹாஸ்பிடல்ல அந்த நேரத்துல கம்ப்யூட்டர் சிஸ்டம் மாத்தினதால ஓவர்ரைடு அழுத்தறது சர்வசாதாரணமா இருந்துச்சுன்னு கோர்ட்லயே பேச்சு வந்துச்சு. 2022ல ஜூரி அந்த நர்ஸை குற்றவாளின்னு சொன்னாங்க, வேற யாரும் கூண்டுல நிக்கல. மெஷின் தடுக்கும்னு நம்பி வாங்கறோம், தடுக்காதப்ப கேஸு நர்ஸு மேல தான் விழுது.

கம்ப்யூட்டர் ரெக்கார்டைப் பத்தி சுருக்கமா. டாக்டர் கையெழுத்தைப் புரிஞ்சுக்க நாலு பேரைக் கேக்கற காலம் போச்சு, அலர்ஜி இருக்கற மருந்தை எழுதினா சிஸ்டமே மறிக்குது, லேப் ரிசல்ட்டுக்கு ஆளை அனுப்ப வேண்டியதில்ல, எல்லாம் நெஜம். ஆனா நம்ம பக்கம் நெறைய இடத்துல கம்ப்யூட்டர்லயும் ஏத்தணும், ஆடிட்டுக்காக பேப்பர்லயும் எழுதணும், ஒரே பிபியை மூணு இடத்துல எழுதிட்டு இருக்கோம். அவசரத்துல நேத்து நோட்டை அப்படியே காப்பி பண்ணி போட்டுடறாங்க, யூரின் ட்யூபை எடுத்து ரெண்டு நாள் ஆன பேஷண்ட்டுக்கு இன்னும் ட்யூப் இருக்கறதா நோட்டு ஓடிட்டே இருக்கும். அப்புறம் சிஸ்டம் படுத்துச்சுன்னா? 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ்ல சர்வரை ஹேக் பண்ணி முடக்கினாங்க, நாட்டுலயே பெரிய ஹாஸ்பிடல்கள்ல ஒண்ணு, ரெண்டு வாரம் கிட்ட கையால எழுதி ஓட்டினாங்க. இப்போ வர்ற பசங்களுக்கு பேப்பர்ல சார்ட் போடவும் ட்ரிப்ஸ் சொட்டு எண்ணவும் கத்துக் குடுக்கறதை நிறுத்தவே கூடாதுன்னு நான் எங்க இன்சார்ஜ் சிஸ்டர் கிட்ட சண்டை போடறது இதனால தான்.

இப்போ எங்க பாத்தாலும் ஏஐ. பேஷண்ட்டுக்கு செப்சிஸ், அதாவது கிருமித் தொற்று முத்தி உறுப்புங்க பழுதாகற நிலைமை, வரப் போகுதுன்னு கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிடும்னு விக்கறாங்க. அமெரிக்காவுல நூத்துக்கணக்கான ஹாஸ்பிடல்ல போட்டிருந்த அந்த மாதிரி ஒரு செப்சிஸ் மாடலை மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆளுங்க 2021ல தனியா சோதிச்சுப் பாத்தாங்க, நிஜமா செப்சிஸ் வந்தவங்கள்ல 67 சதவீதம் பேரை அது கண்டுபிடிக்கவே இல்ல, ஆனா அட்மிட் ஆனவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு அலர்ட் அடிச்சிருக்கு. அதாவது நர்ஸை ஓட வெச்சுது, ஆனா ஓட வேண்டிய இடத்துக்கு ஓட வெக்கல. அங்கத்திய பேஷண்டை வெச்சு பழக்கினதை, டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ்னு காய்ச்சலோட வர்ற நம்ம வார்டுல போடறதுக்கு முன்னாடி இங்கயே ஒரு வருஷமாவது சரி பாக்கணும். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல்ல பூச்சி கடிச்ச இடத்துல சிகரெட் சுட்ட தழும்பாட்டம் ஒரு கறுப்புப் புண்ணு இருக்கும், அக்குளோ தொடை இடுக்கோ மார்புக்கு கீழயோ மறைஞ்சிருக்கும், பேஷண்ட்டே கவனிச்சிருக்க மாட்டாங்க, துணியை விலக்கி உடம்பு துடைக்கறப்ப சிஸ்டர் கண்ணுல தான் படும். எந்த ஆப்பு அதைப் பாக்கும்?

வாட்ஸ்அப்பைப் பத்தி பேசாம நர்ஸிங் டெக்னாலஜியைப் பத்தி பேசவே முடியாது. நெஞ்சு வலின்னு ராத்திரி வர்றவங்க ஈசிஜியை போட்டோ எடுத்து கார்டியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பினா ரெண்டு நிமிஷத்துல பதில் வருது, குடியாத்தத்துலயோ பேரணாம்பட்டுலயோ சின்ன ஹாஸ்பிடல்ல இருக்கற சிஸ்டருக்கு இது பெரிய பலம், எத்தனையோ உசிரு இதனால பொழச்சிருக்கு. ஆனா அதே போன்ல பேஷண்ட் பேரோட, முகத்தோட, புண்ணோட போட்டோ குரூப்புல சுத்தறதும் நடக்குது, வாய்ஸ் நோட்டுல மருந்து ஆர்டர் சொல்லிட்டு காலையில கேஸ் ஷீட்ல கையெழுத்து போடாம போறதும் நடக்குது. 2023லயே டிஜிட்டல் டேட்டாவுக்குன்னு சட்டம் வந்துடுச்சு, பிரச்சினைன்னு வந்தா யாரு போன்ல இருந்து போச்சுன்னு தான் பாப்பாங்க. ஜூனியர் தங்கச்சிங்களுக்கு சொல்றது ஒண்ணு தான், பேரு, முகம், எம்ஆர்டி நம்பர் (ஹாஸ்பிடல் பதிவு எண்) தெரியாம போட்டோ எடுங்க, போன்ல சொன்ன ஆர்டரை திருப்பிப் படிச்சுக் காட்டி, நேரம் போட்டு எழுதி, கையெழுத்து வாங்காம விடாதீங்க. மொழி தெரியாத வடநாட்டு பேஷண்ட்டு கிட்ட தண்ணி வேணுமா வலிக்குதான்னு கேக்க ட்ரான்ஸ்லேட் ஆப் நல்லா உதவுது, ஆனா ஆபரேஷனுக்கு சம்மதம் வாங்கறதுக்கு கண்டிப்பா ஆளு வேணும்.

ஹாஸ்பிடலை விட்டு கிராமத்துப் பக்கம் வந்தா இந்தக் கதை இன்னும் பெருசு. மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சப்புறம் வீட்டு வாசல்லயே சுகர், பிபி பாத்து மாத்திரை குடுக்கறாங்க, அரசு ஹாஸ்பிடலுக்கு போக ஒரு நாள் கூலியை விடணும்ங்கற கஷ்டம் எவ்ளோ பேருக்கு கொறஞ்சிருக்கு. கர்ப்பிணிங்களுக்கு பிக்மிங்கற அரசு ஆன்லைன் பதிவு, அதுல வர்ற ஆர்சிஹெச் நம்பர், யாருக்கு எப்போ டேட்டு, யாருக்கு ரத்தம் கம்மின்னு எல்லாம் கணக்குல இருக்கு, நல்ல விஷயம். ஆனா ஒரு விஎச்என் (கிராம சுகாதார செவிலியர்) அக்கா கிட்ட உக்காந்து பேசிப் பாருங்க, சமவெளியில அஞ்சாயிரம் பேருக்கு ஒரு சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்)னு கணக்கு, பகல்ல வீடு வீடா போயிட்டு வந்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சு சர்வர் கொஞ்சம் வேகமா இருக்கற நேரத்துல என்ட்ரி போடறாங்க. என்ட்ரி போடலைன்னா மீட்டிங்ல திட்டு விழும், ஆனா ஒரு புள்ளத்தாச்சி வீட்டுல கூடுதலா பத்து நிமிஷம் உக்காந்து கால் வீங்கியிருக்கான்னு அமுக்கிப் பாத்ததை எழுத அந்த ஃபார்ம்ல ஒரு கட்டம் கூட இல்ல. பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லைன்னு அணைக்கட்டு மலைப் பக்கம் போனா டவரே சரியா கிடைக்காது. 2023 மே மாசம் அல்லேரி மலையில ஒன்றரை வயசுக் குழந்தை பாம்பு கடிச்சு இறந்து போச்சு, ரோடு இல்லாம ஆம்புலன்ஸ் பாதியிலயே நின்னதால பெத்தவ அந்த உடம்பைத் தூக்கிட்டு மலை ஏறி நடந்தா. டெலிமெடிசின் நல்லது, ஆனா பாம்புக்கடிக்கு ஊசி மருந்தை ஸ்கிரீன் வழியா ஏத்த முடியாது, ரோடும் வேணும், ஊசி போடற கையும் வேணும்.

இதனால தான் அந்த "ரெண்டு ஸ்டாஃப் மிச்சம்"ங்கற கணக்கு என் வயித்தைக் கலக்குது. 2002ல பென்சில்வேனியாவுல 168 ஹாஸ்பிடலை வெச்சு லிண்டா ஐக்கன்னு ஒரு நர்ஸ் பேராசிரியர் கணக்கு பாத்தாங்க, ஒரு நர்ஸு தலையில கூடுதலா ஒரு பேஷண்டை ஏத்தினா, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள இறந்து போற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. பன்னெண்டு வருஷம் கழிச்சு ஐரோப்பாவுல ஒன்பது நாட்டுல பாத்தப்பவும் அதே 7 சதவீதம் தான் வந்துச்சு. இந்த அளவுக்கு தெளிவான ஆதாரம் எந்த மெஷினுக்கு இருக்கு, சொல்லுங்க. நம்ம இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குப்படியே ஐசியூல ஒரு பெட்டுக்கு ஒரு நர்ஸு இருக்கணும், எத்தனை இடத்துல இருக்கு? மெஷின் வாங்க லட்சக்கணக்குல காசு இருக்கறப்ப ஆளு போட மட்டும் ஏன் காசு இல்லாம போகுது? ரேட்டிங்குக்காக ஸ்கிரீன் காட்டலாம், விளம்பரத்துல போட்டோ போடலாம், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு டயப்பர் மாத்தறப்ப முதுகுல செவந்து போயிருக்கறதைப் பாத்து பெட்சோர் (படுக்கைப் புண்) வர்றதுக்கு முன்னாடி திருப்பிப் படுக்க வெக்கற ஸ்டாஃபை போட்டோல காட்ட முடியாதே, அதனாலயோ என்னவோ.

மெஷின் வாங்கறதுன்னா தயவு செஞ்சு டெமோவுக்கே வார்டு நர்ஸைக் கூப்பிடுங்க, நைட் டியூட்டி பாக்கறவங்களையும் சேத்து. ஒரு மணி நேர ட்ரெயினிங் குடுத்து கையெழுத்து வாங்கிட்டு போகாதீங்க, ஒரு வாரம் கம்பெனி ஆளு கூடவே நிக்கட்டும், பேட்டரி போனா என்ன, கரண்ட் போனா எவ்ளோ நேரம் நிக்கும், ரிப்பேர்னா எத்தனை நாள்ல மாத்து மெஷின் வரும்னு எழுதி வாங்குங்க. மெஷினால நர்ஸுக்கு நேரம் மிச்சமாச்சுன்னா அந்த நேரத்தை பேஷண்ட் பக்கத்துல செலவு பண்ண விடுங்க.

கடைசியா, கொஞ்ச நாளா எங்க சொந்தக்காரங்க பல பேர் கேக்கற கேள்விக்கு பதில் சொல்லிடறேன். "ரோபோ வரப்போகுதாமே, பாப்பாவை நர்ஸிங் சேக்கலாமா?"ன்னு. தாராளமா சேருங்க. நர்சிங் கவுன்சில் 2021ல மாத்தின பிஎஸ்சி பாடத்திட்டத்துல கம்ப்யூட்டரும் ஹெல்த் டெக்னாலஜியும் தனி பாடமாவே வந்துடுச்சு, பொம்மையை வெச்சு சிமுலேஷன் லேப்ல பழக்கறாங்க, அதெல்லாம் வேணும். ஆனா பொம்மைக்கு வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல போடற ஊசிக் குழாய்) போட்டு கை பழகினா மட்டும் போதாது, நரம்பு தெரியாத பாட்டி கைல, அழுவற குழந்தை கைல போட்டுப் பழகணும். அதனால லேப்பையும் ஏசி க்ளாஸ் ரூமையும் பாத்துட்டு ஃபீஸ் கட்டிடாதீங்க. அந்த காலேஜுக்கு சொந்தமா ஹாஸ்பிடல் இருக்கா, விதிப்படி 100 பெட்டாவது இருக்கான்னு கேளுங்க, சொல்லாம கொள்ளாம ஒரு நாள் மத்தியானம் நேர்ல போய் அந்த பெட்டுல நிஜமாவே பேஷண்ட் படுத்திருக்காங்களா, ஒரு வார்டுக்கு எத்தனை சிஸ்டர் நிக்கறாங்கன்னு எண்ணிப் பாத்துட்டு வந்து சேருங்க.